ஜாவா லாகிங்: சிஸ்டம்.லாகரா, எஸ்எல்எஃப்4ஜேவா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்கு எடைமேடை மென்பொருள் எழுதும் தம்பி கேட்டான்: "அண்ணா, நிரலில் நடப்பதை வரிவரியாகப் பதிவுசெய்ய (அதுதான் லாகிங்) இந்த இரண்டில் எதைப் போடட்டும்?"

கூடுதல் ஜார் (ஜாவா நூலகக் கோப்பு): சிஸ்டம்.லாகருக்குத் தேவையில்லை, 2017இல் ஜாவா 9உடனேயே வந்தது. எஸ்எல்எஃப்4ஜேவுக்கு நம் நிரல் அழைக்கும் ஏபிஐ ஒன்று, வரிகளை உண்மையில் எழுதும் லாக்பேக் மாதிரி பின்தளம் ஒன்று.

பின்தளம் தேடுவது: இரண்டுமே சர்வீஸ்லோடர் (பொருந்தும் பாகங்களைத் தேடித்தரும் ஜாவாவின் வசதி) வழியாகத்தான். எஸ்எல்எஃப்4ஜே இதற்கு மாறியது 2.0இல்.

எதுவும் கிடைக்காவிட்டால்? இங்கேதான் கவனம் வேண்டும். சிஸ்டம்.லாகர் ஜாவாவிலேயே உள்ள பழைய லாகிங்கான ஜாவா.யுட்டில்.லாகிங்கிடம் போகும், அந்த மாட்யூலும் இல்லையென்றால் கன்சோலில் எழுதும். எஸ்எல்எஃப்4ஜே ஓர் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். நான் ஒருமுறை ஏபிஐயை மட்டும் 2.0க்கு ஏற்றி, லாக்பேக்கை 1.2லேயே விட்டுவிட்டேன்; அந்தப் பழைய பதிப்பைப் புது ஏபிஐ கண்டுகொள்ளாது. மாம்பழ சீசன், ராத்திரி ஓர் எடைச்சீட்டு விழவில்லை. காரணம் பார்க்க லாக் ஃபைலைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. லாக்பேக்கை 1.3க்கு ஏற்றிய பிறகுதான் வரிகள் வந்தன.

எழுதும் வசதி: சந்தேகமே இல்லை, எஸ்எல்எஃப்4ஜே. அதன் எம்டிசியில் (ஒவ்வொரு லாக் வரியோடும் சேர்க்கக்கூடிய குறிப்பு) லாரி எண்ணை வைத்தால் அந்த லாரியின் வரிகளை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

பிறர் பயன்படுத்தும் நூலகம் எழுதினால் சிஸ்டம்.லாகர் போதும். தம்பியின் ஆலைக்கு எஸ்எல்எஃப்4ஜே, இரண்டு ஜாரின் பதிப்பு எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு.