ஒயாசிஸா, பிளரா?

1995 ஆகஸ்ட் 14 அன்று இந்த இரண்டு பிரிட்டிஷ் ராக் குழுவும் ஒரே நாளில் சிங்கிள் (தனியாக விற்கும் ஒரு பாட்டு) விட்டார்கள். பிளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000 என்று விற்று, அந்த வாரம் பிளர் கை ஓங்கியது. அதோடு சரி. அக்டோபரில் வந்த ஒயாசிஸ் ஆல்பம் உலகம் முழுக்க விற்றுத் தள்ள, அடுத்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்த அவர்கள் கச்சேரிக்கு இரண்டே இரவில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைக்கை அண்ணாந்து பார்த்து ஒயாசிஸ் பாடகர் லியாம் பாடுகிற திமிர் இருக்கிறதே, அதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருப்பார்கள்.

ஆனால் ஒயாசிஸ் கடைசிவரை பாட்டுகளை ஏறக்குறைய அதே அச்சில்தான் வார்த்தது. பிளர் 1997-லேயே லண்டன் வாழ்க்கையைக் கிண்டலடிக்கும் பாட்டுகளை மூட்டை கட்டிவிட்டு, அமெரிக்க இண்டி (பெரிய கம்பெனிகளைச் சாராத ராக்) பக்கம் சாய்ந்து, கிரஹாம் காக்சனின் கிதாரைக் கரகரவென்று அலறவிட்டது. அப்புறம் பிளர் பாடகர் டேமன் ஆல்பர்ன் கார்ட்டூன் முகங்களுக்குப் பின்னால் ஒளிந்து கொரில்லாஸ் என்று இன்னொரு குழுவோடு ஹிப்ஹாப் வரை போய்விட்டார். தொண்டை கிழியக் கூட்டமாகப் பாட ஒயாசிஸை விட்டால் ஆளில்லை, ஆனாலும் என் ஹெட்போனில் ஓடுவது பிளர்தான்.