கன்ட்ரோலர் அருமை, கிட் சுமார்தான்

கத்தியைச் சூடாக்கிக் கடினமாக்க (ஹார்டனிங்) நானே கட்டிய 3 கிலோவாட் அடுப்புக்காக இந்த கிட்டை ஆன்லைனில் வாங்கினேன். சூட்டைப் பார்த்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் பிஐடி கன்ட்ரோலர், அது சொல்கிறபடி ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே), அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க், அடுப்பின் சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் எல்லாம் ஒரே டப்பாவில்.

கன்ட்ரோலரைக் குறை சொல்ல மாட்டேன். அடுப்புக்கு ஏற்ப அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூன் முடிந்ததும் 800 டிகிரியில் ஆடாமல் நிற்கிறது. வேண்டுமென்றே தெர்மோகப்பிள் வயரைக் கழற்றிப் பார்த்தேன்; உடனே ஹீட்டரை நிறுத்திவிட்டது. ஆனால் கூட வந்த தெர்மோகப்பிள் 400 டிகிரி வரைதான் தாங்குமாம்! அதை ஓரமாக வைத்துவிட்டு செராமிக் குழாய் போட்டதாக வாங்குங்கள். ஹீட் சிங்க்கும் சின்னது. 13 ஆம்பியர் ஓடும்போது கை வைக்க முடியவில்லை.

கடுப்பேற்றியது வயரிங் படம். ஹீட்டருக்கு முன்னால் எஸ்எஸ்ஆர் மட்டும்தான். எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஆனிலேயே நின்றுவிடும், கன்ட்ரோலர் கத்தினாலும் அடுப்பு ஏறிக்கொண்டே போகும். ஆஃபில் இருந்தாலும் கொஞ்சம் லீக்கேஜ் உண்டு, ஹீட்டர் காயிலைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். அதனால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் கான்டாக்டர் (காயிலுக்குக் கரன்ட் நின்றால் திறந்துகொள்ளும் பெரிய சுவிட்ச்) ஒன்றைத் தனியாகப் போட்டேன். அந்தக் கான்டாக்டரின் காயில் லைனில், கதவைத் திறந்தால் கரன்ட்டை நிறுத்தும் லிமிட் சுவிட்சும், சூடு எல்லை தாண்டினால் நிறுத்தும், சொந்தத் தெர்மோகப்பிள் உள்ள ஹை லிமிட் கன்ட்ரோலரும். பாடிக்கு எர்த், அதற்கு மேலே, கரன்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி.

5க்கு 3 கொடுக்கிறேன். கன்ட்ரோலர் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்கிவிட்டு, மிச்சக் காசை நல்ல கான்டாக்டரில் போடுங்கள்.