வெள்ளி டாலருக்கு ஸ்லாப்: எதற்குப் போடலாம், எதற்குப் போட்டால் காசு வீண்

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று கைக்கு வந்தால் முதல் கேள்வி "எவ்வளவு போகும்?" என்பது. அடுத்த கேள்வி, "பிசிஜிஎஸ்ஸுக்கு அனுப்பலாமா, என்ஜிசிக்கு அனுப்பலாமா?" முன்னது 1986-லும் பின்னது 1987-லும் வேலையைத் தொடங்கிய அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள். நாணயம் அசலா என்று பார்ப்பார்கள். 1 முதல் 70 வரையுள்ள ஷெல்டன் அளவுகோலில் ஓர் எண் கொடுப்பார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். அந்த உறைதான் ஸ்லாப். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வரும் டாலர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சேவை வேண்டியதில்லை. எதற்கு வேண்டும் என்பதை அனுப்புகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையை அவர்கள் செய்து தர மாட்டார்கள்.

கட்டணத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் தெரிவது ஒரு நாணயத்துக்கான மதிப்பீட்டுத் தொகை மட்டும். அதற்கு மேல் படிவத்துக்கு ஒரு கட்டணம், காப்பீட்டோடு திரும்பி வரும் தபால் செலவு, நேரடியாக அனுப்புவதற்கு உறுப்பினர் சந்தா எல்லாம் சேரும். ஒவ்வொரு கட்டணப் பிரிவுக்கும் நாணய மதிப்பில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. நாணயம் அதைத் தாண்டினால் மேல் பிரிவுக் கட்டணத்தை வாங்கிக்கொள்வார்கள். ஒற்றை நாணயத்தை அனுப்பினால் இந்தச் செலவு முழுக்க அதன் தலையிலேயே விழும். நாலைந்தைச் சேர்த்து ஒரே படிவத்தில் அனுப்புவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

அனுப்புவதற்கு முன் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். பழைய வெள்ளி டாலரில் மார்கன் என்ற வகை 1878 முதல் 1904 வரையும், மறுபடி 1921-லும் அச்சானது. பீஸ் என்ற வகை 1921 முதல் 1928 வரையும், 1934, 1935 ஆண்டுகளிலும் வந்தது. இரண்டுக்கும் அளவு ஒன்றே: எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, 10 சதவீதம் செம்பு. 1873 முதல் 1885 வரையுள்ள டிரேட் டாலர் கொஞ்சம் கனம், 27.22 கிராம். பின்பக்கத்திலேயே 420 கிரெய்ன், 900 ஃபைன் என்று பொறித்திருக்கும். போலிகள் மலிந்த இனம் என்பதால் அதைத் தொடும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். 1971 முதல் 1978 வரையுள்ள ஐசனோவர் டாலரும் 38.1 மில்லிமீட்டர்தான். அதையும் வெள்ளி என்று நம்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. விளிம்பில் செம்புக் கோடு தெரிந்து எடை 22.68 கிராம் காட்டினால் அதில் வெள்ளியே கிடையாது. 24.59 கிராம் காட்டினால் அது 40 சதவீத வெள்ளிப் பதிப்பு.

அடுத்து மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் எழுத்து. மார்கனில் பின்பக்கம், கழுகுக்குக் கீழே இருக்கும் மாலையின் முடிச்சை ஒட்டிப் பாருங்கள். எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. எஸ் சான் பிரான்சிஸ்கோ, ஓ நியூ ஆர்லியன்ஸ், சிசி கார்சன் சிட்டி. டி என்றால் டென்வர், பழைய மார்கன்களில் அது 1921-ல் மட்டும் வரும். பீஸ் டாலரில் பின்பக்கம் 'ஒன்' என்ற சொல்லுக்குக் கீழே, கழுகின் சிறகு நுனிக்கு அருகில் பொடி எழுத்தாக இருக்கும்.

அசலா போலியா என்பதற்கு முதல் சோதனை காந்தம். ஒட்டினால் அதோடு கதை முடிந்தது. ஒட்டவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, பித்தளையும் ஒட்டாது. நல்ல சோதனை தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அசல் டாலர் என்றால் தராசு 2.6 கிராமை ஒட்டிக் காட்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3 சொச்சம் வர வேண்டும். தேய்ந்து 26.3 கிராமுக்கு இறங்கிய நாணயத்திலும் இந்த விகிதம் மாறாது. வெள்ளி முலாம் பூசிய பித்தளையில் எட்டரைக்குப் பக்கமாகத்தான் நிற்கும். காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் கணக்கு தப்பும். நாணயத்தை லேசாக ஆட்டிக் குமிழை உதிர்த்துவிட்டுப் பாருங்கள். சோதனை முடிந்ததும் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கு அகப்படாத இரண்டு வகை உண்டு. ஒன்று, சரியான கலவை வெள்ளியிலேயே அடித்த போலி. மற்றது, அசல் மலிவு டாலரில் மின்ட் எழுத்தை ஒட்டவைத்தோ செதுக்கியோ ஆக்கிய 'அரிய' டாலர். ஸ்லாப்புக்குக் கொடுக்கும் காசு நியாயமாவது இங்கேதான். 1893-எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சானது 1,00,000 மட்டும், அத்தனைக்கும் தலைப் பக்கத்தை அடித்தது ஒரே அச்சுக்கட்டை. அதனால் அசலில் சில அடையாளங்கள் தவறாமல் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில், பக்கவாட்டு வெளிச்சத்தில், தலைப்பட்டையில் உள்ள 'லிபர்ட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். 'டி' எழுத்தின் மேற்பகுதியில் மயிரிழை போன்ற சாய்கோடு ஓடும். 'ஆர்' எழுத்தின் இடது காலில் துளியூண்டு புடைப்பு இருக்கும். நன்றாகத் தேய்ந்த நாணயத்தில் இவை மங்கிப்போகலாம். தெளிவான நாணயத்தில் இவை இல்லாவிட்டால் தபால் செலவு மிச்சம்.

விலைக் கணக்குக்கு அடித்தளம் வெள்ளி. ஒவ்வொரு பழைய மார்கனிலும் பீஸிலும் 0.7734 டிராய் அவுன்ஸ் (வெள்ளி, தங்கம் நிறுக்கும் அளவு) சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய அவுன்ஸ் விலையை இதனால் பெருக்குங்கள். அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்தால் உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் மதிப்பு சுமார் 23 டாலர். 1921 மார்கன், 1922 பீஸ் போன்ற மலிவு ஆண்டுகள் தேய்ந்த நிலையில் இதற்குச் சற்று மேலேதான் போகும். 1921-ல் பிலடெல்பியாவில் மட்டும் நாலரைக் கோடிக்கு நெருங்கிய மார்கன் அச்சானது. இவற்றுக்கு ஸ்லாப் போட்டால் உறையின் செலவு நாணயத்தின் விலையையே தாண்டிவிடும்.

அச்சான எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரிது என்று முடிவுகட்டுவதும் தவறு. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. எந்த ஆண்டு நாணயம் எத்தனை உலைக்குப் போனது என்ற கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. 1885-சிசி அச்சானது 2,28,000. 1889-சிசி 3,50,000. ஆனால் விலையில் பின்னதுதான் பல மடங்கு. காரணம், 1885-சிசியில் பாதிக்கும் மேல் புழக்கத்துக்கே போகாமல் அரசுக் கருவூலத்தில் தூங்கி, 1972 முதல் நடந்த அரசு விற்பனையில் பளபளவென்று வெளியே வந்தது. அந்தக் குவியலில் 1889-சிசி ஒன்றே ஒன்று.

தரமதிப்பீட்டாளரின் கண் காசாக மாறுவது சில குறிப்பிட்ட ஆண்டுகளில்தான். 1884-எஸ், எழுத்தில்லாத 1901 இரண்டும் தேய்ந்த நிலையில் எளிதாகக் கிடைக்கும். புழங்காத நிலையில் ஆயிரக்கணக்கான டாலர். ஏயூ என்பது கிட்டத்தட்டப் புழங்காத நாணயத்துக்கும், எம்எஸ் என்பது புழங்காத நாணயத்துக்கும் எண்ணோடு சேர்க்கும் குறி. ஏயூ-58-க்கும் எம்எஸ்-60-க்கும் நடுவே கண்ணுக்குத் தெரிவது காதுக்கு மேல் முடியில், கன்னத்தில், கழுகின் மார்பில் ஒரு மெல்லிய தேய்மானம்தான். விலையிலோ அது பெரிய பள்ளம். நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றுங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி தடையில்லாமல் சுற்றி வந்தால் நல்லது. மேடான இடங்களில் ஒளி அறுந்து சாம்பல் தட்டினால் அது புழங்கிய நாணயம். நியூ ஆர்லியன்ஸ் மார்கனில் ஒரு சிக்கல்: அச்சே ஆழமாக விழாமல் காதுக்கு மேல் முடி மொட்டையாக இருக்கும். அந்த இடத்திலும் ஒளி ஓடினால் அது அச்சுக் குறை, தேய்மானம் அல்ல.

பளபளப்பாக்கலாமே என்று துணி, பேஸ்ட், சோடா என எதையும் எடுக்காதீர்கள். மயிரிழைக் கீறல்களைப் பார்த்ததும் எண் கொடுக்காமல் 'டீட்டெயில்ஸ்' என்று எழுதி அனுப்புவார்கள். கட்டணம் திரும்பாது, விலையும் பாதாளத்துக்குப் போகும். இந்தச் சேவையில் எங்களுக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கலும் இதிலேயே. லேசாக ஒருமுறை துடைத்த நாணயமும் சாணை பிடித்தது போல் தேய்த்த நாணயமும் 'கிளீன்ட்' (சுத்தம் செய்தது) என்ற ஒரே சொல்லுக்குக் கீழ் வந்துவிடுவதுண்டு. வாங்குகிறவர் படத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

எண்ணும் கல்வெட்டு அல்ல. அதே நாணயத்தை உறையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால் ஒரு படி ஏறலாம், இறங்கலாம். எம்எஸ்-64-க்கும் எம்எஸ்-65-க்கும் நடுவே விலை எகிறும் ஆண்டுகளில் இதை ஒரு சூதாட்டமாகவே ஆடுகிறார்கள். நிபுணர்களும் தவறியிருக்கிறார்கள். 1896, 1900, 1902 ஆண்டுகளின் 'சின்ன ஓ' மார்கன்கள் நெடுங்காலம் அரிய வகையாக உறையேறி விற்றன. அவை அந்தக் காலத்துக் கள்ள நாணயங்கள் என்று உறுதியானதும் 2005-ல் பிசிஜிஎஸ் அவற்றை ஏற்பதை நிறுத்தியது. இரு நிறுவனங்களும் தங்கள் மதிப்பீட்டுக்கு உத்தரவாதம் தருகின்றன. நிபந்தனைகளை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

இரண்டில் எது? அசல் என்ற சான்றுக்கு இரண்டும் ஒன்றே. விற்பதற்கென்றால், கையிலுள்ள ஆண்டுக்கும் தரத்துக்கும் முடிந்த ஏலங்களில் எந்த உறை கூடப் போயிருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். ஸ்லாப்போடு வாங்குகிறவர்கள் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டும் எழுத்தும் ஒத்தால் போதாது. படம் இருந்தால் கன்னத்தில் உள்ள ஒவ்வொரு கீறலையும் ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணைத் திருடி ஒட்டிய போலி உறைகளும் சந்தையில் சுற்றுகின்றன.

அனுப்பும்போது பிவிசி இல்லாத மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் உறையில் ஒன்றுக்கு ஒன்றாகப் போடுங்கள். ஸ்டேப்ளர் முள்ளை எடுக்கும்போது நாணயத்தில் விழும் கோடு தரத்தில் இரண்டு படியைத் தின்றுவிடும். அட்டைச் சட்டத்தில் இருக்கும் டாலரை முள்ளைப் பிடுங்கி எடுக்காமல், அட்டையை ஓரத்தில் கத்தரித்து வெளியே எடுங்கள்.