பெற்றோரை இழந்த பதின்வயதினருக்கான ஆன்லைன் கவுன்சிலிங்: 5-க்கு 3

அக்காவும் மாமாவும் தவறிய பிறகு அவர்கள் மகள் எங்களோடுதான் இருக்கிறாள். அவளைச் சேர்த்த ஆன்லைன் கவுன்சிலிங்கைப் பற்றி எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

பதிவுப் படிவத்திலேயே எரிச்சல். தாய் பெயர், தந்தை கைபேசி எண், இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற சேவை இது! அவளே ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வரிசையாகப் பூஜ்யங்களும் தட்டிவிட்டு அடுத்த பக்கம் போனாள்.

ஆனால் குழு அமர்வு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயது, பேசப் பிடிக்காவிட்டால் 'பாஸ்' சொல்லலாம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் இவள் வெறும் பாஸ்தான். அப்புறம் யாரோ அப்பாவின் நம்பரை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை என்று சொன்னபோது மைக்கை ஆன் செய்து "நானும்தான்" என்றாளாம். வீட்டில் எங்களிடம் அதைக்கூடச் சொன்னதில்லை.

வளர்ப்பவர்களுக்கும் தனி வகுப்பு உண்டு, தவறவிடாதீர்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பிள்ளைகளையும் வளர்ப்பவர்களையும் சேர்த்தே நடத்திய திட்டத்தில் பங்கேற்றவர்களுக்கு 15 ஆண்டுகள் கழித்தும் மனச்சோர்வு குறைவாக இருந்திருக்கிறது. இந்த வயதில் துக்கம் அழுகையாகவே வர வேண்டியதில்லை, சிடுசிடுப்பாகவும் வயிற்று வலியாகவும் தூக்கமின்மையாகவும் வரும், அழுத கையோடு கேம் விளையாடப் போனால் மறந்துவிட்டாள் என்று அர்த்தமில்லை என்பதெல்லாம் அங்கே புரிந்தது. எடுத்தவுடன் நோய் என்று முத்திரை குத்துவதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்வதற்கே பதின்வயதினருக்குக் குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும், கடுமையான வேதனையோ அன்றாட வாழ்க்கையில் பாதிப்போ இருக்க வேண்டும் என்கிறது.

எனக்குப் பெரிய கோபம் தனி ஆலோசனையில்தான். அவள் கொஞ்சம் ஒட்ட ஆரம்பித்திருந்த ஆலோசகரை முன்னறிவிப்பில்லாமல் மாற்றிவிட்டார்கள். திரையில் புது முகம். "அவங்களும் போயிட்டாங்களா சித்தி?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினாள். மன்னிப்பு மின்னஞ்சல் வந்தது, சரி, ஆனால் விடைபெற ஒரு கடைசி அமர்வு வைத்திருக்கலாமே.

இரவு நேரத்தில் இவர்களைப் பிடிக்க முடியாது. சாக வேண்டும் என்று பிள்ளை பேசினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள், தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

குழுவில் தொடர்கிறோம். தனி ஆலோசனைக்கு வேறு இடம் பார்க்கிறேன், அங்கே நான் முதலில் கேட்கப்போவது ஆலோசகர் மாறினால் என்ன செய்வீர்கள் என்றுதான்.