எலுமிச்சைக் கன்று ஆன்லைனில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: 1,260 வெள்ளி (ரிங்கிட்) போனது, அம்மா வைத்த மரமும் போனது

நேற்று சாயங்காலம்தான் மரத்தை வெட்டினோம். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு, அங்கே அம்மா வைத்த எலுமிச்சை ஒன்று, நம் சந்தையில் லிமாவ் நீப்பிஸ் என்று விற்பார்களே அந்த வகை. 18 வருடத்து மரம். வியாழக்கிழமை பறித்து இரண்டு பூக்கடைகளுக்குக் கொடுப்பேன், வெள்ளிக்கிழமை துர்க்கைக்கு விளக்குப் போடுகிறவர்கள் வாங்குவார்கள். இந்த ஆடியில் அம்மனுக்கு மாலை கட்டக் கேட்டவர்களுக்குக் கொடுக்கப் பழம் போதவில்லை. சரி, இன்னும் 12 கன்று வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் ஆரம்பம்.

எல்லோரும் சாமான் வாங்குகிற ஷாப்பிங் ஆப் ஒன்றில் ஒரு செடிக் கடை. பதியன் கன்று, ஒரு வருடத்தில் காய்க்கும், ஒன்று 95 வெள்ளி என்று போட்டிருந்தான். விவரம் கேட்டு மலாயில் எழுதினேன். என் பேரைப் பார்த்துவிட்டுத் தமிழில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "அக்கா, நீங்க நம்ம ஆளு, உங்களுக்குப் போய் 95-க்கு விப்பேனா? ஆப்ல வாங்காதீங்க, எனக்கு நேரா பேங்க்ல போட்டுடுங்க, 85-க்குத் தரேன், ஒரு கன்னு பட்டுப்போனாலும் வேற அனுப்புறேன்." அந்தக் குரல் இருக்கிறதே, எங்கள் வீட்டுத் தம்பி பேசுகிற மாதிரியே இருந்தது. கோயிலுக்குப் பழம் கொடுக்கத்தான் வாங்குகிறேன் என்று சொன்னதும், "அப்போ இது புண்ணியம்க்கா" என்றான். பத்து நிமிடத்தில் 1,020 வெள்ளியைப் போட்டுவிட்டேன். கணவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். தமிழ்ப் பையன்தானே என்றேன்.

கன்றுகள் வந்தபோது ஒன்றில்கூட இலை இல்லை. தண்டு முழுக்க நாளிதழ் சுற்றி டேப் போட்டிருந்தது. கேட்டால், பயணத்தில் வாடக் கூடாது என்று இலையை உருவிவிட்டோம் என்றான். கேட்க நியாயமாக இருந்தது, நர்சரிகளில் அப்படிச் செய்வதும் உண்டு. டேப்பைப் பிரித்தபோது தண்டில் அங்கங்கே பழுப்பாகத் தக்கை மாதிரி பொருக்கு இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "அது காஞ்ச பட்டைக்கா, உரிஞ்சிடும்."

நம்பி, அம்மாவின் மரத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்தேன்.

மூன்று வாரத்தில் தளிர் வந்தது. கூடவே புள்ளியும் வந்தது. முதலில் எண்ணெய் பட்ட மாதிரி சின்னப் பொட்டு, பிறகு நடுவில் மேடாகிப் பழுப்பாகி, சுற்றி மஞ்சள் வளையம். இலையின் மேல் பக்கம், கீழ்ப் பக்கம் இரண்டிலும். கட்டைவிரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். மறுபடி அவனிடம் கேட்டேன். "சாதா காளான்க்கா, என்கிட்ட மருந்து இருக்கு." இரண்டு பாட்டில், ஒன்று 120. மேலும் 240 வெள்ளி. மொத்தம் 1,260 ஆகிவிட்டது. வாரம் தவறாமல் அடித்தேன். அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது, சாயங்காலமானால் காற்றும் மழையும். அக்டோபரில் ஒரு நாள் அம்மாவின் மரத்தில், கன்றுகள் இருந்த பக்கத்துக் கிளையில், அதே புள்ளி.

அப்புறம்தான் இலையை பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு விவசாய இலாகா அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கேங்கர் என்றார். தமிழில் சொறி நோய். இது பூஞ்சைக் காளானே இல்லை, பாக்டீரியா. சாந்தோமோனாஸ் என்று பெயர். இலைத் துளைகள் வழியாகவும், முள் கீறின இடம், இலையைக் குடைகிற பூச்சி போட்ட தடம் வழியாகவும் உள்ளே போகும், மழைச்சாரலோடு காற்றில் அடுத்த மரத்துக்குத் தாவும். அவன் கொடுத்த பாட்டிலில் இருந்தது கார்பென்டாசிம், அது காளானுக்கான மருந்து, பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. வாரா வாரம் முகமூடி போட்டுக்கொண்டு நான் அடித்தது அத்தனையும் வீண். வந்த பிறகு குணமாக்க மருந்தே கிடையாதாம், செம்பு மருந்து அடித்தால் புதுத் தளிரைக் கொஞ்சம் காப்பாற்றலாம், அவ்வளவுதான். லிமாவ் நீப்பிஸுக்கும், தோல் கரடுமுரடான லிமாவ் பூருட்டுக்கும் இது சட்டென்று பிடிக்குமாம். பக்கத்திலேயே தொட்டியில் இருக்கும் லிமாவ் கஸ்தூரியில் (சின்னப் பழம் காய்க்கிற இன்னொரு எலுமிச்சை வகை) ஒரு புள்ளிகூட இல்லை, அது தாங்கும் வகை.

எவ்வளவு பெரிய நோய் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபுளோரிடாவில் நோய் கண்ட ஒரு மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் நின்ற எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை எல்லாம், வீட்டுக் கொல்லையில் இருந்தவற்றையும் சேர்த்து, அரசாங்கமே வெட்டியிருக்கிறது. 2004, 2005-இல் அடித்த புயல்கள் அதை எங்கும் பரப்பிவிட, 2006-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அப்படிப்பட்ட நோயைத்தான் இவன் நாளிதழில் சுற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

இப்போது அவனுடைய பதில்களைக் கேளுங்கள். முதலில் "உங்க மண்ணு சரியில்லக்கா". அடுத்து "உங்க பழைய மரத்துலேர்ந்துதான் வந்திருக்கும்". 18 வருடமாகப் புள்ளி இல்லாமல் காய்த்த மரத்தைப் பார்த்துச் சொல்கிறான்! அலுவலகத்தில் சொன்னதை எழுதி அனுப்பினேன், இரண்டு நாள் நீல டிக் மட்டும். பிறகு "முதலாளி ஊர்ல இல்ல". பிறகு என் எண்ணையே பிளாக் செய்துவிட்டான். ஆப்காரர்களிடம் போனால் இன்னும் மோசம். பணம் ஆப் வழியாகப் போகவில்லை, எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று ஒரே பதிலை நான்கு பேர் நான்கு முறை ஒட்டி அனுப்பினார்கள். 1,260 வெள்ளி எனக்குச் சின்னக் காசு இல்லை, எத்தனை மாதத்துப் பழக் காசு தெரியுமா.

பழத்தோலிலும் பொருக்கு வந்துவிட்டது. உள்ளே சாறு நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் புள்ளி விழுந்த பழத்தைச் சாமிக்கு யார் வைப்பார்கள்? பூக்கடை அக்கா கூடையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார். நேற்று கன்று 12-ஐயும் பிடுங்கி, அம்மாவின் மரத்தையும் வெட்டிக் கறுப்புப் பையில் கட்டிவிட்டோம். ரம்பத்தை குளோரோக்ஸ் (ப்ளீச்) தண்ணீரில் கழுவும்போதுதான் அழுகை வந்தது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். இலை உருவின எலுமிச்சைக் கன்றை வாங்காதீர்கள், தண்டில் பொருக்கு இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். எந்தப் புதுக் கன்றையும் பழைய மரத்துப் பக்கம் வைக்காமல் இரண்டு மூன்று மாதம் தூரத் தொட்டியில் வைத்துப் பாருங்கள். ஆப்புக்கு வெளியே யார் கேட்டாலும், எந்த மொழியில் கேட்டாலும், பணம் போடாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் மனு கொடுக்கலாம், நான் திங்கட்கிழமை போகிறேன், வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவன் கடை இன்றும் திறந்துதான் இருக்கிறது. காலையில் தங்கை போனில் பார்த்தேன், அதே படம், கன்று 95 வெள்ளி.