மரகதப்புறா பேட்ஜ்: இறக்கை சபாஷ், புருவம் சறுக்கல்

சேலத்துக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை ஒன்று தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறாவைக் கேடய வடிவ பேட்ஜாகத் தைத்துத் தருகிறது. உயரம் 75 மி.மீ., அடியில் ட்வில் துணி, சுற்றிலும் விளிம்பை நூலால் சுற்றித் தைத்த தடித்த ஓவர்லாக் ஓரம்.

புறா என்றாலே இலையைக் கவ்விக்கொண்டு பறக்கவிடுவார்கள். இங்கே அந்த அசட்டுத்தனம் இல்லை. காட்டுத் தரையில் விதை பொறுக்கும் பறவையை நடக்கும் நிலையிலேயே காட்டியிருக்கிறார்கள். பச்சை நிறம் இறக்கையில் மட்டும். கழுத்தும் மார்பும் செம்பழுப்பு, அலகு சிவப்பு. உடம்பெல்லாம் பச்சை பூசி, காலுக்கு மஞ்சள் போட்டால் மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவையான பச்சைப்புறாவைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான்!

இறக்கைக்கு ஒரே பச்சை நூல்தான். மேல்பாதித் தையல் ஒரு சாய்விலும் கீழ்ப்பாதி அதற்குக் குறுக்கேயும் ஓடுவதால், வெளிச்சம் பட்டதும் இரண்டு பச்சையாக மின்னுகிறது. ஜரிகை நூல் போட்டிருந்தால் அடிக்கடி அறுந்து தொல்லை கொடுத்திருக்கும்.

கோட்டை விட்டது தலையில். ஆண் பறவைக்குச் சாம்பல் உச்சி, வெள்ளை நெற்றி, வெள்ளைப் புருவக்கோடு. வெள்ளையை முதலில் தைத்து மேலே சாம்பலை ஓட்டியதால் கோடு பாதி மூழ்கிவிட்டது. வெள்ளை கடைசியில் வர வேண்டும், 1 மி.மீ. அகலமாவது வேண்டும், அதற்கும் மெலிந்தால் ஊசி நெருக்கமாக விழுந்து துணி பிய்யும். இறக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே அடித்துணி எட்டிப் பார்க்கிறது. தைக்கும்போது நூல் துணியை இழுத்துச் சுருக்கும். டிசைனிலேயே இரண்டு நிறமும் 0.4 மி.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் இந்த இடைவெளி வராது.

ஆர்டர் கொடுப்பவர்கள் ஒரு சாம்பிள் தைக்கச் சொல்லிப் பார்த்த பிறகு மொத்தத்துக்குச் சம்மதியுங்கள். எம்பிராய்டரி மெஷினுக்குத் தையல் வழி சொல்லும் டிஎஸ்டி ஃபைலோடு நூல் நிறங்களின் வரிசையையும் எழுதி வாங்குங்கள். அந்த ஃபைலில் நிறம் பதிவாகாது; வேறு கடையில் திறந்தால் புறா எந்த நிறத்திலும் வரலாம்.

பின்பக்கம் பசை தடவியது, தடவாதது என இரண்டு வகை உண்டு. பருத்திச் சட்டைக்குப் பசை போதும், சூடான அயர்ன் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ஏற்காட்டுக் குளிருக்குப் போடும் அக்ரிலிக் ஸ்வெட்டரில் அந்தச் சூடு பட்டால் நூல் உருகிப் பளபளத்துவிடும். அதற்குப் பசையில்லாததை வாங்கி, ஓவர்லாக்கை ஒட்டிக் கையால் தைத்துக்கொள்ளுங்கள்.