மூணாவது ஆள் எங்க? சிசி65, மெசன்: ஆறு மாச அனுபவம்

மதுரை செல்லூர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ராத்திரி ஷட்டரை இறக்குன பிறகு பழைய டிவி கேமுக்கு ஜல்லிக்கட்டு விளையாட்டு எழுதுறேன். சின்ன வயசுல டவுன்ஹால் ரோட்டுல அப்பா வாங்கித் தந்த, கேசட் சொருகுற பெட்டிதான். 1983ல ஜப்பான்ல வந்த, நின்டெண்டோவோட ஃபேமிகாம் கேம் பெட்டியோட நகல். உள்ள 2 கேபி ராம். இப்ப ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கூட அதுல அடங்காது.

எழுதுறதுக்கு சிசி65. சி மொழில எழுதுனா, பெட்டிக்குள்ள இருக்குற 6502 வகை சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குற கம்பைலர், காசு கிடையாது. ஆனா கம்ப்யூட்டருக்கு எழுதுற பழக்கத்துல கை வச்சா மாடு நகராது. ஃபங்ஷனுக்குள்ள அறிவிக்கிற வேரியபிளை இது மென்பொருள் ஸ்டாக்குல (ராம்ல தற்காலிகமா அடுக்கி வைக்கிற இடம்) வச்சு, ஒவ்வொரு தடவையும் சுத்தி வளைச்சு எடுக்கும். இன்ட் போட்டா அது 16 பிட், 8 பிட் சிப்புக்கு ரெட்டை வேலை. எல்லாத்தையும் அன்சைன்ட் சார் (ஒரே பைட்டுல அடங்குற எண்) ஆக்கி, குளோபலா வெளிய தூக்கிப் போட்ட பிறகுதான் காளை வாடிவாசலைத் தாண்டுச்சு. காலேஜ்ல இப்படி எழுதியிருந்தா சார் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பாரு.

எனக்கு எரிச்சல், எழுதுன துண்டுகளை ஒண்ணாக் கோர்த்து கேசட்டுல அடுக்குற லிங்கர் மேலதான். இடம் தீர்ந்த பிறகு, இத்தனை பைட் தாண்டிருச்சுன்னு சொல்லும். மிச்சம் எவ்வளவுன்னு முன்னாடியே வாயத் திறக்காது. எது எங்க எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு காட்டுற மேப் ஃபைல் கேட்டா தரும். அதைப் படிச்சு மிச்சத்தைச் சொல்ல பைத்தான்ல இருபது வரி எழுதி வச்சிருக்கேன். இது கூடவே வந்திருக்க வேண்டிய சாமான்.

கம்ப்யூட்டருக்குள்ளயே இந்தப் பெட்டி மாதிரி கேமை ஓட்டிக் காட்டுற மெசன் எமுலேட்டர் மட்டும் இல்லேன்னா ரெண்டாவது மாசமே விட்டிருப்பேன். அக்கா மகன் விளையாடிப் பாத்துட்டு, "மாமா, மூணாவது ஆளு திமில்கிட்ட வந்தா காணாமப் போறான்"னான். நாலு ராத்திரி புரோகிராமைத் துழாவுனேன். மெசன்ல, ஸ்பிரைட்டை (திரையில நகருற சின்னப் படத்துண்டு) காட்டுற ஸ்பிரைட் வியூவரைத் திறந்தா ஆள் அங்கதான் இருக்கான்! அப்பத்தான் கணக்குப் போட்டேன். இந்தப் பெட்டி ஒரு கிடைக்கோட்டுல 8 ஸ்பிரைட்தான் காட்டும். ஒரு ஸ்பிரைட் 8 பிக்சல் அகலம். மாடு 32 பிக்சல் அகலம், அதுக்கு 4, ஆளுக்கு 2. மாடும் ரெண்டு பேரும் சேர்ந்தாலே முடிஞ்சது. மெசன்ல அந்த வரம்பை எடுக்குற டிக் ஒண்ணு இருக்கு. போட்டதும் ஆள் வந்துட்டான். மறக்காம டிக்கை எடுத்துட்டேன், நெஜப் பெட்டி அவ்வளவு தாராளம் கிடையாது. இப்ப ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஸ்பிரைட் வரிசையை மாத்துறேன், ஒரே ஆளே விடுபடாம மாறி மாறி விடுபடுறதால ஆளுங்க லேசா மினுக்குறாங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் திமிலைப் பிடிக்கணும்ங்கறது அலங்காநல்லூர் விதியும்கூட.

புதுசா வர்றவங்க முதல் நாளே மெசன்ல ரீஜனை டெண்டின்னு (ரஷ்யாவுல வித்த ஃபேமிகாம் நகலோட பேரு) வச்சிருங்க. நம்ம ஊர்ப் பெட்டி நொடிக்கு 50 ஃப்ரேம். நான் 60ல வச்சு அமைச்ச பறை, வீட்டு டிவில துக்க வீட்டு அடி மாதிரி இழுத்துச்சு.

பரிசுக்கு கார் வேணும்ங்கறான் பய. ஸ்பிரைட்டுக்கு இருக்குற 256 டைல்ல (8க்கு 8 பிக்சல் படக்கட்டம்) மிச்சம் 6. அண்டா 4ல அடங்கிரும், அண்டாதான்னு சொல்லிட்டேன்.